1% வரி யாருக்கு? ஹங்கேரி தொண்டு நிறுவனங்களின் சிக்கல் என்ன?

நாம் கட்டுற வருமான வரியில் ஒரு பங்கு எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போகணும்னு நாமே சொல்ல முடியுமா? ஹங்கேரியில் முடியும்.

1989-ல் கம்யூனிச ஆட்சி முடிவுக்கு வந்ததும் அங்கே தொண்டு நிறுவனங்கள் பெருகின. ஆனால், கையில் காசு இல்லை. 1996-ல் வந்த சட்டம் வழி காட்டியது: வருமான வரியில் 1 சதவீதம் எந்த அமைப்புக்கு என்பதை வரி செலுத்துபவரே முடிவு செய்யலாம். ஸ்லோவாக்கியா, லிதுவேனியா, போலந்து, ருமேனியாவும் இதைப் பின்பற்றின.

பிறகு என்ன ஆச்சு?

2017-ல் பிரதமர் விக்டர் ஓர்பான் அரசு இன்னொரு சட்டம் போட்டது. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 72 லட்சம் ஃபோரின்ட்டுக்கு மேல் பெறும் அமைப்புகள், 'வெளிநாட்டு ஆதரவு பெறும் அமைப்பு' எனப் பதிவு செய்து, இணையதளத்திலும் அதைக் குறிப்பிட வேண்டும். வெளிப்படைத்தன்மைக்காக என்றது அரசு. முத்திரை குத்தும் வேலை என்று அமைப்புகள் எதிர்த்தன.

2020 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இச்சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளிக்க, 2021-ல் அது ரத்தானது. ஆனால், 2023 இறுதியில் 'இறையாண்மைப் பாதுகாப்பு' சட்டமும், அதற்கென தனி அலுவலகமும் வந்தன.

ஏன் இது முக்கியம்?

அரசு மானியம் வாங்கிக்கொண்டு அரசையே கேள்வி கேட்பது கஷ்டம். வெளிநாட்டு நிதிக்கும் நெருக்கடி வந்தால், கேள்வி கேட்பவர்களுக்கு மிஞ்சுவது உள்ளூர் நன்கொடையும் அந்த 1 சதவீதமும்தான்.