ஒரே புதரில் பிழைத்திருந்த தீவுப் பூச்சி: மரபணு அளித்த சாட்சி

ஒரு தீவின் பூச்சி அழிந்துவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டிய பிறகு, பல ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் அதைப் போன்ற பூச்சி கிடைக்கிறது. அது அதே பூச்சிதானா, இல்லை தோற்றத்தில் மட்டும் ஒத்திருக்கும் வேறோர் இனமா? ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவில் எழுந்த இந்தக் கேள்விக்கு மரபணு ஆய்வுதான் விடை தந்தது.

ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அச்சிறிய தீவு. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குச்சிப்பூச்சி முன்பு அங்கு ஏராளமாக வாழ்ந்தது. கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் வரை வளரும் அதற்குச் சிறகு இல்லை. கறுத்துப் பளபளக்கும் தடித்த உடலைப் பார்த்து மக்கள் அதை ‘நில இறால்’ என்று அழைத்தனர். மீனவர்கள் அதைத் தூண்டில் இரையாகவும் பயன்படுத்தினர்.

கப்பலோடு வந்த எலிகள்

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘மக்காம்போ’ என்ற கப்பல் லார்ட் ஹாவ் தீவருகே தரைதட்டியது. அதிலிருந்த கறுப்பு எலிகள் கரையேறின.

அதுவரை அந்தத் தீவில் கறுப்பு எலிகள் இருந்ததில்லை. பறந்து தப்பவோ எதிர்த்து நிற்கவோ அந்தப் பூச்சியால் இயலவில்லை. சில ஆண்டுகளிலேயே அது தீவில் கண்ணில் படாமல் போனது. தீவுக்கே உரிய ஐந்து பறவை வகைகளும் குறைந்தது 13 முதுகெலும்பற்ற உயிரினங்களும் எலிகளால் அழிந்ததாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

தனித்திருப்பதே தீவு உயிரினங்களின் பலமும் பலவீனமும். கடல் அவற்றைப் பிறவற்றிடமிருந்து பிரித்து வைப்பதால் புதிய இனங்கள் உருவாகின்றன. ஆனால் ஒரே ஓர் எதிரி உள்ளே நுழைந்துவிட்டால், ஓடி ஒளிய வேறு இடம் இருப்பதில்லை.

பாறையில் ஒரு புதர்

லார்ட் ஹாவ் தீவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் செங்குத்தாக நிற்கிறது போல்ஸ் பிரமிட் எனும் எரிமலைப் பாறை. அதன் உயரம் 550 மீட்டருக்கும் அதிகம். 1964ல் அதில் ஏறியவர்கள் இறந்துபோன ஒரு குச்சிப்பூச்சியைக் கண்டனர்.

2001ல் டேவிட் பிரிடல், நிக்கலஸ் கார்லைல் ஆகிய ஆய்வாளர்களின் குழு அங்கு சென்றது. பகலில் பூச்சியின் எச்சம் மட்டுமே தென்பட்டது. அது இரவில் நடமாடும் பூச்சி என்பதால் இருட்டிய பிறகு மீண்டும் பாறையில் ஏறினர். உயிருள்ள பூச்சிகள் அங்கே இருந்தன!

மறு ஆண்டு எண்ணியபோது மொத்தம் 24 பூச்சிகள் இருந்தன. கம்போங் கிளாம் வட்டாரத்திற்குப் பெயர் தந்த கிளாம் மரத்தின் உறவான ஒரு புதரையே அவை நம்பியிருந்தன. ஒரு மண்சரிவு அல்லது ஒரு பெரும்புயல் போதும், அந்த இனமே இல்லாமல் போயிருக்கும்.

எனவே 2003ல் இரண்டு இணைகளைப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றனர். அவற்றில் ஓர் இணை விரைவில் இறந்தது. மெல்பர்ன் விலங்கியல் தோட்டத்திற்குச் சென்ற இணைக்கு ஆதாம், ஏவாள் என்று பெயரிட்டனர். ஏவாள் நோயுற்றபோது பராமரிப்பாளர், கால்சியம் கலந்த கரைசலைத் துளித்துளியாக ஊட்டிக் காப்பாற்றினார். 2012க்குள் அங்கு 9,000க்கும் மேற்பட்ட பூச்சிகள் வளர்க்கப்பட்டன.

அதே பூச்சிதானா?

எண்ணிக்கை பெருகினாலும் சந்தேகம் தீரவில்லை. அரும்பொருளகத்தில் இருந்த பழைய லார்ட் ஹாவ் பூச்சிகளுக்கும் பாறையில் கிடைத்தவற்றுக்கும் தோற்றத்தில் சில வேறுபாடுகள் இருந்தன. வேறோர் இனத்தைத் தீவில் கொண்டுபோய் விட்டால் அது மீட்பாகாது. இன்னொரு புதிய பூச்சியைத் தீவுக்குள் புகுத்தியதாகிவிடும்.

2017ல் ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டது. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் ஒவ்வோர் உயிரணுவிலும் பல பிரதிகளாக இருப்பதால், பழைய உடல்களிலிருந்தும் அவற்றை எடுக்க முடிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அது ஓர் இனத்துக்குள் இயல்பாகக் காணப்படும் அளவுதான். அழிந்ததாகக் கருதப்பட்ட அதே பூச்சிதான் பாறையில் பிழைத்திருந்தது என்பது உறுதியானது.

தீவைவிட மூத்த பரம்பரை

அதற்கு முந்தைய மரபணு ஆய்வொன்று இன்னொரு வியப்பையும் வெளிப்படுத்தியது. லார்ட் ஹாவ் தீவு தோன்றி சுமார் 7 மில்லியன் ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் இந்தப் பூச்சியின் பரம்பரை 22 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே தன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரிந்துவிட்டது. இப்போது கடலில் மூழ்கிவிட்ட பழைய தீவுகளில் வாழ்ந்து, தீவுக்குத் தீவு தாவி அது இங்கு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நியூ கினி பகுதியிலும் இதைப் போன்ற தடித்த குச்சிப்பூச்சிகள் உண்டு. ஆனால் அவை இதன் நெருங்கிய உறவல்ல. ஒரே மாதிரியான வாழ்க்கை முறை இருவேறு பரம்பரைகளுக்கு ஒரே மாதிரியான உடலமைப்பைத் தந்திருக்கிறது.

வீடு திரும்புமா?

ஒரே பெற்றோரின் வழிவந்தவை தமக்குள்ளேயே இணைசேர்ந்தால் தீங்கான மரபணுக்கள் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடும். முட்டை பொரிவதும் குஞ்சுகள் பிழைப்பதும் குறையலாம். அதனால் 2017ல் பாறையிலிருந்து மேலும் ஒரு பெண் பூச்சி மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் நோய் வந்தாலும் இனம் தப்பவேண்டும் என்பதற்காக இங்கிலாந்தின் பிரிஸ்டல், அமெரிக்காவின் சான் டியேகோ விலங்கியல் தோட்டங்களுக்கும் முட்டைகள் அனுப்பப்பட்டன.

இருப்பினும், கூண்டில் ஆயிரக்கணக்கில் வளர்ப்பது மட்டும் போதாது. எலிகள் இருக்கும்வரை தீவில் அதற்கு இடமில்லை. 2019ல் தீவு முழுவதும் நச்சு இரை வைத்து எலிகளை ஒழிக்கும் பெரும்பணி நடந்தது. 2021ல் மீண்டும் சில எலிகள் தென்பட்டதால் தேடுதல் பணி தொடர்ந்தது. சில நாள்களில் கரையேறிய எதிரியை அகற்ற ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் தீவிலும் ஒரு பாடம்

சிங்கப்பூரும் ஒரு தீவுதான். கடந்த 160 ஆண்டுகளில் இங்கிருந்த வண்ணத்துப்பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதி மறைந்துவிட்டதாக 2020ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதற்கு மறு ஆண்டு, நீ சூன் சதுப்புக் காட்டில் வாழும் ஒரு மின்மினி, அறிவியலுக்கே புதிய இனம் என்று மரபணு ஆய்வின் துணையோடு அறிவிக்கப்பட்டது. 1909க்குப் பிறகு சிங்கப்பூரில் கண்டறியப்பட்ட முதல் புதிய ஒளிரும் மின்மினி இனம் அதுவே. ‘லூசியோலா சிங்கப்பூரா’ என்று நாட்டின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டும் முன்பே மறைந்துபோகும் பூச்சிகளும் உண்டு. ஒரு குச்சிப்பூச்சி இனம் முழுவதையும் ஒரு புதர் தாங்கி நின்றதுபோல், இந்த மின்மினிக்கு அந்தச் சதுப்புக் காடு. மரபணு ஒரு பூச்சி யார் என்று சொல்லும். அது வாழும் இடத்தைக் காப்பது மனிதரின் கையில்தான் இருக்கிறது.