500 + 50 = 50050! வெப் புரோகிராமிங் கற்பவர்களுக்கு ஒரு நல்ல புத்தகம் ஏன் வேண்டும்?

இரவு மணி 1. ஹாலில் லேப்டாப் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. "இன்னும் தூங்கலையாடா?" என்று அம்மா கேட்க, "ஒரே ஒரு தப்பும்மா... கண்டுபிடிச்சிட்டுப் படுத்துடறேன்" என்கிறான் மகன். வெப் டெவலப்மென்ட் கற்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சிதான்.

அந்த 'ஒரே ஒரு தப்பு' எப்படி இருக்கும்? அம்மா வீட்டில் செய்து விற்கும் ஊறுகாய், பொடி வகைகளுக்கு மகன் ஓர் இணையதளம் உருவாக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் பொருளின் விலை 500 ரூபாய். இன்னொரு கட்டத்தில் கூரியர் கட்டணம் 50 ரூபாய். இரண்டையும் கூட்டச் சொன்னால், பில்லில் 50050 என்று வந்து நிற்கிறது! சரி, 50 ரூபாய் தள்ளுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்றால், 450 என்று சரியாகக் காட்டுகிறது. கழித்தல் சரி, கூட்டல் தப்பு. தலை சுற்றத்தானே செய்யும்?

காரணம் எளிமையானது. இணையப் பக்கத்தின் கட்டத்தில் நாம் டைப் செய்வது எண்ணாகவே இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதை எழுத்துகளாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்த மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலைகள்: எண்கள் என்றால் கூட்டும், எழுத்துகள் என்றால் ஒட்டும். அதனால் 500-ம் 50-ம் ஒட்டிக்கொண்டன. கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை கிடையாது. எனவே, எழுத்தை எண்ணாக மாற்றிக் கழித்துவிடுகிறது.

தேடினால் கிடைக்காதா?

கிடைக்கும். யூடியூப் வீடியோவோ, ஏஐ சாட்பாட்டோ ஒரு நிமிடத்தில் சரியான வரியைக் கொடுத்துவிடும். அதை ஒட்டினால் பில் 550 ஆகிவிடும். ஆனால், மறுநாள் வேறொரு சிக்கல் காத்திருக்கும்.

9, 25, 100 என்ற மூன்று விலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் 100, 25, 9 என்று அடுக்கும். தனியாக எதுவும் சொல்லாவிட்டால், அது எண்களையும் எழுத்துகளாகவே பார்த்து, அகராதியைப் போல முதல் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தும். 1, 2, 9 என்று பார்த்தால் அந்த வரிசை 'சரி'தான்!

தேதியிலும் இதே வேடிக்கை. மாதத்தை எண்ணாகக் கொடுக்கும்போது ஜனவரி என்பது 0. ஆகஸ்ட் 15 என்று நினைத்து 8, 15 என்று கொடுத்தால், செப்டம்பர் 15 வந்துவிடும். சுதந்திர தின சலுகை அறிவித்தால், அது அண்ணா பிறந்தநாளில்தான் தொடங்கும்!

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தேட வேண்டும் என்றால், தப்பு நடந்திருப்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும். 50050 கண்ணில் படும். ஒரு மாதம் தள்ளிப்போன தேதி சட்டென்று கண்ணில் படாது. கேட்கத் தெரியாத கேள்விக்கு எந்தத் தேடலிலும் பதில் வராது. நல்ல ரெஃபரன்ஸ் புத்தகமோ, நாம் மாட்டிக்கொள்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறது. தேதி பற்றிய பகுதியைப் படிப்பவர், மாதம் 0-வில் தொடங்குவதையும் படிக்காமல் தாண்ட முடியாது.

10 நாளில் பிறந்த மொழி

ஏன் இத்தனை குழப்பங்கள்? 1995-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இந்த மொழியின் முதல் வடிவத்தை 10 நாள்களில் உருவாக்கினார். மாதத்தை 0-வில் தொடங்கும் வழக்கம், அப்போதைய ஜாவா மொழியிலிருந்து அப்படியே வந்தது. இன்று மாற்றலாமே என்றால் முடியாது. பழைய வழக்கத்தை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற இணையப் பக்கங்கள் உடைந்துவிடும். அதனால், இந்தக் குழப்பங்களைக் கற்பவர்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

1996-ல் டேவிட் ஃப்ளானகன் எழுதிய 'ஜாவாஸ்கிரிப்ட்: தி டெஃபினிட்டிவ் கைடு' வெளிவந்தது. அட்டையில் காண்டாமிருகம் இருக்கும் அந்தப் புத்தகம், இந்தத் துறையினரிடம் மிகப் பிரபலம். 2011-ல் வந்த ஆறாம் பதிப்பு 1,000 பக்கங்களைத் தாண்டியது. 2020-ல் வந்த ஏழாம் பதிப்பு சுமார் 700 பக்கங்கள்தான். கட்டளைகளைப் பட்டியலிடும் பகுதியை ஆசிரியர் எடுத்துவிட்டார். அதுதான் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறதே! ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கங்கள் மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டன. புத்தகத்தால் இன்றும் என்ன பயன் என்பதற்கு இதுவே பதில்.

வாங்கும் முன் கவனியுங்கள்

* ஆண்டைப் பாருங்கள். 2015-ல் ஜாவாஸ்கிரிப்ட்டில் பெரிய மாற்றங்கள் வந்தன. 'லெட்', 'கான்ஸ்ட்' என்ற சொற்கள் இல்லாத புத்தகம், அதற்கு முந்தைய காலத்தது. பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

* கடைசிப் பக்கங்களில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், அவசரத்துக்குத் தேடி எடுக்க முடியாது.

* உங்களைக் குழப்பிய ஒரு விஷயத்தைத் தேடி, அந்தப் பக்கத்தைப் படியுங்கள். 'இப்படி எழுது' என்பதோடு 'ஏன்' என்பதையும் சொன்னால், நம்பி வாங்கலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் புரட்டிப் பார்த்துவிட்டும் முடிவெடுக்கலாம்.

பணம் இல்லையே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மரைன் ஹாவர்பெக எழுதிய 'எலக்வன்ட் ஜாவாஸ்கிரிப்ட்' முழுவதையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மொஸில்லாவின் எம்டிஎன் தளம் 2005-ல் இருந்து இயங்கும் இலவசக் களஞ்சியம்.

ஆங்கில விளக்கம் பயமுறுத்துகிறதா? 'கணியம்' குழுவினர், 'எளிய தமிழில்' என்ற வரிசையில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றுக்கு மின்னூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கி, பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போகலாம்.

எப்படிப் படிப்பது?

கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. மனப்பாடமும் வேண்டாம். தினமும் ஒரு சிறு பகுதி போதும். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்து எஃப்12 பட்டனை அழுத்தினால், 'கன்சோல்' என்ற பகுதி கிடைக்கும். புத்தகத்தில் உள்ள வரியை அங்கே கையால் டைப் செய்து பாருங்கள். பிறகு, ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பாகவும் கொடுத்துப் பாருங்கள். என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால், அந்தப் பகுதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏஐ-யை ஒதுக்கவும் வேண்டாம். அது கொடுக்கும் பதில் சரியா என்று பார்க்கும் அறிவு நமக்கு இருந்தால், அது நல்ல உதவியாளர். அந்த அறிவு இல்லாவிட்டால், 50050 ரூபாய் பில்லையும் நம்பி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவோம்.

வேலைக்கான இன்டர்வியூவிலும், "இது ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்பார்கள். ஒட்டிய வரி அங்கே கைகொடுக்காது. அதனால் பெற்றோர்களே... பிள்ளை கோடிங் கற்கிறான், கற்கிறாள் என்றால், லேப்டாப்போடு சேர்த்து ஒரு நல்ல புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். 50050 வந்த இரவில், "ஏன்டா இப்படி வருது?" என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கே புரிகிற மாதிரி பிள்ளை காரணம் சொல்லட்டும். அதன்பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்!