கேமராவை அப்புறம் வாங்கு

தானாக ஓடும் ரோபோ செய்ய எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே, தம்பி. டீயைக் குடி, சொல்கிறேன். 320-க்கு 240 அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் 76,800 பைட் இடம் கேட்கும். நீ வாங்கி வைத்திருக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் வேலை நினைவகமே 2,048 பைட்தான்.

அதற்காக அந்தப் போர்டை மட்டமாக நினைத்துவிடாதே. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1940களின் கடைசியில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு ரேடியோ வால்வு, இரண்டு மோட்டார், வெளிச்சத்தை உணர ஓர் ஒளிமின்கலம், ஓடு எதிலாவது இடித்தால் இணைந்துகொள்ளும் ஒரு சுவிட்ச். கம்ப்யூட்டர் கிடையாது. இவ்வளவை வைத்துக்கொண்டே அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, முட்டினால் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டன, பேட்டரி இறங்கியதும் விளக்கு எரியும் கூண்டுக்குத் திரும்பின. ரிமோட் கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் வழி பார்ப்பது உன் கண்தான். அந்த வேலையை ஒரு சுவிட்சிடம் கொடுத்துவிட்டால்கூடப் போதும், அது தானாக ஓடும் ரோபோ.

சாமான் பெரிதாக எதுவும் வேண்டாம். மஞ்சள் பிளாஸ்டிக் கியர் மோட்டார் இரண்டு, 65 மில்லிமீட்டர் சக்கரம் இரண்டு, தாங்குவதற்கு ஓர் உருட்டுச் சக்கரம், மோட்டார் டிரைவர் போர்டு. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அடித்தட்டு பிளைவுட்டாக இருந்தாலும் சரி, அட்டையாக இருந்தாலும் சரி.

மின்சாரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மோட்டார் சும்மா சுற்றுவதற்கே 100-க்கு மேல் கேட்கும், சக்கரம் சிக்கி நின்றால் அதைப் போலப் பல மடங்கு. நடுவில் டிரைவர் போர்டு இருப்பது அதற்காகத்தான். அதையும் மாட்டிய பிறகு, எல்லாவற்றையும் ஒரே பேட்டரியில் ஓட்டினால் ரோபோ கிளம்பும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகலாம். புரோகிராமில் தப்பு தேடி ராத்திரி முழுக்கக் கண் விழிப்பார்கள். தப்பு அங்கே இருக்காது. சுற்றும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்சாரத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றிருக்கும் மோட்டாரில் அது இல்லை, கம்பிச்சுருளின் மின்தடை மட்டும்தான். அதனால் கிளம்பும் அந்தக் கணத்தில் மின்சாரத்தை அள்ளி இழுக்கும். கிரைண்டரைப் போட்டதும் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குமே, அதேதான். மங்குவதைப் பல்பு தாங்கும், ஊனோ தாங்காது.

மோட்டாருக்கு ஒரு பேட்டரி, போர்டுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்துவிடு. ஆனால் இரண்டின் கிரவுண்ட் ஒயரையும் சேர்த்து இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டு அனுப்பும் சிக்னல் டிரைவருக்குப் புரியாது. எல்298 வகை டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், வாங்கும்போதே அதையும் கணக்கில் வை. மல்டிமீட்டரில் போடும் செவ்வகமான 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்கு உதவாது. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அடுத்தது கண். எச்.சி.எஸ்.ஆர்.04 என்ற சென்சார் 40,000 ஹெர்ட்ஸில், நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்வர 58 மைக்ரோ நொடி. ஒரு மீட்டர் என்றால் 6 மில்லி நொடிகூட ஆகாது. இருட்டு அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் திரைச்சீலை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சாய்வாக நிற்கும் பீரோ ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வரவில்லை என்றால் வழி காலியாக இருக்கிறது என்று நம்பிவிடாதே. முன்னால் ஒரு தொடுசுவிட்சும் இருக்கட்டும், எல்சிக்கு இருந்தது போல.

புரோகிராமில் 'டிலே' கட்டளையைத் தொடாதே. நொடிக்கு 30 சென்டிமீட்டர் போகும் ரோபோவின் புரோகிராமை ஒரு நொடி காத்திருக்கச் சொன்னால், ரோபோ 30 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் நேராகப் போகாது. ஒரே டப்பாவில் வந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. சக்கரங்களுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி, வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள். 5 மீட்டர் போவதற்குள் 19 டிகிரி திரும்பி, 80 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். சக்கரத்தோடு 20 துளைத் தகடு மாட்டி எண்ணினால், துளைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குக் கிடைக்கும், இரண்டு பக்கத்தையும் சமன்படுத்தலாம். ஆனாலும் அது சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணும், தரையை அளக்காது. மொசைக்கில் வழுக்கினால் கணக்கு பிசகும். பிசகு குறைவதே இல்லை, சேர்ந்துகொண்டே போகும்.

2002-இல் விற்பனைக்கு வந்த ரூம்பா என்ற வீடு பெருக்கும் ரோபோவும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல்தான் ஓடியது. சுருளாகச் சுற்றும், சுவரோரம் போகும், முட்டினால் வேறு திசையில் கிளம்பும்.

உன் ரோபோவும் சுவரைப் பிடித்துக்கொண்டு போகட்டும். சென்சாரை இடது பக்கம் பார்க்க ஒட்டி, சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் என்று குறி வை. தூரம் குறைந்தால் இடது சக்கரத்துக்கு வேகம் கூட்டு, அதிகமானால் வலது சக்கரத்துக்கு. எவ்வளவு விலகியதோ அதற்கேற்ற அளவு கூட்டு. எப்போதும் ஒரே அளவாகக் கூட்டினால் ஹால் முழுக்க வளைந்து வளைந்துதான் போகும்.