பிணக்குகளைக் கையாளும் கலை: அயலிலும் அலுவலகத்திலும்

மனிதன் கூடிவாழும் இயல்பினன். கூடிவாழும் இடத்தில் நலன்கள் ஒன்றோடொன்று உராய்வது தவிர்க்க முடியாததாகும். எனவே பிணக்கு தோன்றுவது ஒரு சமூகத்தின் சீர்கேட்டைக் காட்டுவதன்று. அதனைக் கையாளத் தெரியாதிருப்பதே சீர்கேட்டின் தொடக்கமாகும்.

இக்கட்டுரையாளர் வளர்ந்த தெருவில் ஒரே மதிலைப் பங்கிட்டுக்கொண்ட இரு வீடுகள் இருந்தன. ஒரு வீட்டின் கூரைப் பீலியிலிருந்து வடிந்த மழைநீர் மற்ற வீட்டின் குசினிச் சுவரை நனைத்தது. சிறிய குழாயொன்றைப் பொருத்தினால் தீர்ந்துவிடக்கூடிய அவ்விவகாரம் முதலில் முறைப்பாடாகவும், பின்னர் வசைமொழியாகவும், ஈற்றில் பொலிஸ் நிலையம் வரை செல்லும் வழக்காகவும் வளர்ந்தது. பதினொரு ஆண்டுகள் இரு குடும்பத்தாரும் பேசிக்கொள்ளவில்லை. குடும்பத் தலைவர்களுள் ஒருவர் மரணித்தபோது மற்றவர் ஜனாஸாத் தொழுகையின் கடைசி ஸப்பில் நின்று தொழுதுவிட்டு, எவரோடும் பேசாது திரும்பிச் சென்றார். பீலி அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

இத்தகைய நிகழ்வுகள் நம்மில் பலருக்குப் புதியவையல்ல. அயலவரோடும் அலுவலக சகாக்களோடும் ஏற்படும் பிணக்குகளை முறையாகக் கையாள்வதற்குரிய சில நடைமுறைத் திறன்களை இங்கு நோக்குவோம்.

செயலும் நோக்கமும்

பிணக்கொன்றில் நாம் முதலில் இழைக்கும் தவறு நமது சிந்தனையிலேயே நிகழ்கின்றது. நாம் தாமதமாக வந்தால் அதற்குப் போக்குவரத்து நெரிசலைக் காரணங்காட்டுகின்றோம். பிறர் தாமதமாக வந்தால் அவரது பொறுப்பின்மையைக் காரணங்காட்டுகின்றோம். பிறரது செயலுக்கு அவரது சூழ்நிலையை விட்டுவிட்டு அவரது குணத்தையே காரணமாகக் கொள்ளும் இந்த மனச்சாய்வை உளவியலாளர் லீ ரோஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வுரையொன்றில் விளக்கி, அதனை மனித சிந்தனையின் அடிப்படைப் பிழை எனக் குறிப்பிட்டார். பிறரைப் பற்றிய தீய எண்ணத்தைத் தவிர்க்குமாறு அல்குர்ஆன் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் விடுக்கும் எச்சரிக்கையும் இப்பிழை தோன்றும் இடத்தையே சுட்டுகின்றது.

எனவே முதற்றிறன், கண்டதையும் கருதியதையும் பிரித்தறிவதாகும். ‘மழைநீர் எமது சுவரில் விழுகின்றது’ என்பது கண்டது. ‘அவர் எம்மை அவமதிக்கவே இவ்வாறு செய்கின்றார்’ என்பது கருதியது. முன்னையது பற்றி அயலவரோடு உரையாடலாம். பின்னையதைக் கூறிய மறுகணமே அவர் தம்மைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். அதன் பின்னர் பேச்சு நீரைப் பற்றியதாக இராது.

கோரிக்கையின் பின்னாலுள்ள தேவை

அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் பொலட் 1925இல் நிகழ்த்திய உரையொன்றில் தமது அனுபவமொன்றைக் குறிப்பிட்டார். ஹார்வர்ட் நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவர் சாளரத்தைத் திறக்க விரும்பினார். பொலட் அதனை மூடிவைக்க விரும்பினார். ஈற்றில் ஆளில்லாத அடுத்த அறையின் சாளரம் திறக்கப்பட்டது. மற்றவருக்குத் தேவைப்பட்டது காற்றோட்டம் மாத்திரமே. பொலட் தவிர்க்க விரும்பியது தம்மீது நேரே வீசும் வாடைக்காற்றை மாத்திரமே. ஒருவர் மற்றவரை அடக்குவதும், இருவரும் பாதி பாதி இழப்பதும் தவிர, இருவரது தேவையும் நிறைவேறும் மூன்றாவது வழியொன்றும் உண்டு என்பதே அவரது முடிபாகும். ரொஜர் பிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட பேச்சுவார்த்தை பற்றிய நூல் இக்கருத்தையே விரித்துரைக்கின்றது.

நபித்துவத்திற்கு முன்னர் கஃபா புனர்நிர்மாணம் செய்யப்பட்டபோது நிகழ்ந்த சம்பவம் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஹஜருல் அஸ்வத் கல்லை உரிய இடத்தில் வைக்கும் உரிமைக்காகக் குறைஷிக் கோத்திரங்கள் போருக்கும் ஆயத்தமாயின. அப்போது முப்பத்தைந்து வயதினராயிருந்த நபி (ஸல்) அவர்கள் நடுவராக ஏற்கப்பட்டார்கள். ஒரு துணியை விரித்து, அதில் கல்லை வைத்து, ஒவ்வொரு கோத்திரத் தலைவரும் ஓர் ஓரத்தைப் பிடித்து உயர்த்துமாறு கூறினார்கள். பின்னர் தமது கையாலேயே அதனை உரிய இடத்தில் பொருத்தினார்கள். கோத்திரங்கள் கோரியது கல்லைத் தூக்கும் உரிமை. அவற்றின் தேவையோ கௌரவம். கல்லைப் பங்கிட முடியாது. கௌரவத்தைப் பங்கிட முடிந்தது.

அலுவலகப் பிணக்குகளிலும் இதே வினாவையே எழுப்புதல் வேண்டும். ஓர் உத்தியோகத்தர் குறித்த நாளில் விடுமுறை வேண்டுமெனப் பிடிவாதமாக நிற்கின்றார் எனில், ‘ஏன் அந்த நாள்?’ என்று கடிந்துகொள்ளாது, ‘அந்த நாளில் உங்களுக்கு எது முக்கியமாக இருக்கின்றது?’ என வினவலாம். பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே அவரது தேவை எனத் தெரியவந்தால், அரை நாள் விடுமுறையே போதுமானதாக அமையலாம்.

அளந்தறிதல்

பிணக்குகள் பல நீடிப்பதற்குக் காரணம், எது தீங்கு என்பதை ஒவ்வொருவரும் தத்தமது உணர்வைக் கொண்டு மாத்திரம் தீர்மானிப்பதாகும். முஸ்லிம் நகரங்களின் நீதிமரபு இவ்விடத்தில் பெறுமதிமிக்க பாடமொன்றைத் தருகின்றது.

எகிப்தின் புஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாபா (ரழி) கட்டிய மேலறையின் சாளரம் பற்றிய முறைப்பாடு கலீபா உமர் (ரழி) அவர்களை எட்டியது. ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்கு அவர்கள் அனுப்பிய கட்டளையை வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அவ்வறையில் ஒரு கட்டிலை வைத்து, அதன்மேல் நெடியவருமல்லாத குறியவருமல்லாத ஒருவரை நிறுத்த வேண்டும். அவரால் அயல்வீட்டை நோக்க முடியுமாயின் சாளரம் அகற்றப்பட வேண்டும் என்பதே அக்கட்டளையாகும். இங்கு காரிஜாவின் நோக்கம் விசாரிக்கப்படவில்லை. சாளரத்தின் உயரமே அளக்கப்பட்டது. ஆகவே எவரது மானமும் பங்கப்படவில்லை.

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூனிஸ் நகரில் வாழ்ந்த தலைமைக் கொத்தனார் இப்னு அர்ராமீ இம்மரபின் சிறந்த பிரதிநிதியாவார். காழியின் நிபுணராகப் பிணக்கு நிகழ்ந்த இடத்திற்கே சென்று சுவரையும் புகையையும் வடிகாலையும் பார்வையிட்ட அவர், தமது அனுபவத்தையும் மாலிக் மத்ஹபின் சட்டங்களையும் இணைத்துக் கட்டடச் சட்ட நூலொன்றை எழுதினார். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பும் இவ்விடயத்தில் நுணுக்கமானது. குடும்பப் பெண்கள் புழங்கும் இடத்தை நோக்கும் சாளரத்தின் உரிமையாளர் மறைப்பொன்றை அமைத்தால் போதும். சாளரத்தை முற்றாக மூடுமாறு அவரை நிர்ப்பந்திக்க முடியாது. தீங்கு எந்த அளவினதோ அந்த அளவிற்கே பரிகாரமும் அமைய வேண்டும் என்னும் நியதி இதில் வெளிப்படுகின்றது.

அயலவரின் மதிற்பிரச்சினையில் நிலஅளவையாளரின் வரைபடமும், இரைச்சல் பற்றிய முறைப்பாட்டில் நேரங்குறித்த பதிவும், அலுவலகத்தில் யாருக்கு எவ்வேலை என எழுதப்பட்ட பட்டியலும் இன்று இத்தகைய அளவுகோல்களாகும். அளவுகோலை இருதரப்பும் முதலில் ஏற்றுக்கொண்ட பின்னரே அளத்தல் வேண்டும். அளந்த பின்னர் அளவுகோலைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை.

பேசும் முறை

கோபத்தோடு பேசுதல் ஆகாது. கோபமுற்ற நிலையில் தீர்ப்பு வழங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நின்றநிலையில் கோபம் வந்தால் உட்காருமாறும் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆயினும் கோபம் தணியட்டும் என்பது மௌனத்தைக் காலவரையறையின்றி நீடிப்பதற்குச் சாக்காகிவிடலாகாது. சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதல்ல எனவும், இருவருள் முதலில் ஸலாம் கூறுபவரே சிறந்தவர் எனவும் ஹதீஸ் கூறுகின்றது. நாட்கள் செல்லச் செல்ல மௌனத்தைக் கலைப்பது கடினமாகும் என்பதை அனுபவித்தோர் அறிவர்.

பேச்சுக்குரிய இடத்தையும் நேரத்தையும் தெரிவுசெய்தல் அவசியமாகும். சகாவின் தவறைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டுவது ஒன்று, தனியே அழைத்துக் கூறுவது வேறொன்று. கூறும்போது மூன்று விடயங்களை வரிசையாகக் கூறலாம்: நிகழ்ந்தது யாது, அதனால் விளைந்தது யாது, இனி வேண்டப்படுவது யாது. ‘நீங்கள் எப்போதும் பொறுப்பற்று நடக்கின்றீர்கள்’ என்பதை விட, ‘கடந்த இரு மாதங்களும் உங்கள் அறிக்கை ஐந்தாம் திகதிக்குப் பின்னரே கிடைத்தது, அதனால் சம்பளப் பட்டியலைத் தயாரிக்க நான் இரவில் தங்க நேரிட்டது, மூன்றாம் திகதிக்குள் தர முடியுமா?’ என்பது பயனளிக்கும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ ஆகிய சொற்களைத் தவிர்ப்பது நன்று. ஒரேயொரு விதிவிலக்கைக் காட்டியே எதிர்த்தரப்பு முழு முறைப்பாட்டையும் தட்டிக்கழித்துவிடும்.

செவிமடுத்தல் இதனினும் கடினமானது. மற்றவர் கூறியதை அவர் ஏற்கும் வகையில் நமது வார்த்தைகளில் திருப்பிக் கூறிய பின்னரே நமது பதிலைத் தொடங்குதல் சிறந்த பயிற்சியாகும். அலீ (ரழி) அவர்களை யெமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, முதலாமவரைச் செவிமடுத்தது போன்றே மற்றவரையும் செவிமடுக்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

விட்டுக்கொடுப்பும் அதன் எல்லையும்

ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது ‘அல்லாஹ்வின் தூதர்’ என்னும் அடைமொழியைக் குறைஷியரின் பிரதிநிதி ஸுஹைல் இப்னு அம்ர் ஏற்க மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பதிலாகத் தமது தந்தையின் பெயரோடு எழுத இணங்கினார்கள். தோழர் சிலருக்கு இது பெரும் மனவேதனையைத் தந்தது. எனினும் உடன்படிக்கையின் பலன் சொல்லில் அன்றி, சமாதானத்தில் தங்கியிருந்தது. எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என முன்கூட்டியே தெளிந்திருப்பவரே இவ்வாறு விட்டுக்கொடுக்க முடியும்.

ஆயினும் எல்லாப் பிணக்கும் விட்டுக்கொடுப்பினால் தீர்வதன்று. மேலதிகாரியின் துன்புறுத்தல், ஊதியமறுப்பு, வன்முறை ஆகியவற்றை இருவருக்கிடையிலான கருத்து வேறுபாடாகக் கருதி ‘சமாதானமாகப் போங்கள்’ என்பது பலவீனரை மேலும் பலவீனப்படுத்துவதாகும். அங்கு திகதியோடு பதிவுகளைப் பேணுதலும், உரிய அதிகாரிகளிடம் எழுத்துமூலம் முறையிடுதலுமே பொருத்தமான வழியாகும்.

மூன்றாமவரின் பணி

இருவரும் பேசித் தீர்க்க முடியாத வேளையில் மூன்றாமவர் தேவைப்படுகின்றார். தம்பதியர் பிணக்கில் இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு ஹகமை நியமிக்குமாறு அல்குர்ஆன் பணிக்கின்றது. இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்திலும் இதற்கு நிகரான அமைப்பொன்றைக் காண்கின்றோம். ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் தலைவராக மூன்றாமவரைத் தெரிவுசெய்கின்றனர். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மத்தியஸ்தச் சட்டமும் அயலவரிடையிலான பிணக்குகளுக்குச் சமூக மத்தியஸ்தத்தை ஏற்பாடு செய்துள்ளது. பொலிஸ் நிலையத்திற்குச் செல்வதற்கு முன்னர் இவ்வாயில்களை நாடுவது செலவையும் பகையையும் குறைக்கும்.

மத்தியஸ்தர் தீர்ப்புக் கூறுபவரல்லர். ஒருவரது கடுஞ்சொல்லை மற்றவரிடம் சேர்க்காது, நல்லதை மாத்திரம் சேர்ப்பவர். மக்களிடையே இணக்கம் ஏற்படுத்த நல்லதைக் கூறுபவர் பொய்யராகமாட்டார் என்னும் நபிமொழி இப்பணியின் மகத்துவத்தை உணர்த்துகின்றது.

எமது தெருவின் அவ்விரு வீடுகளிலும் இன்று பிள்ளைகளே வாழ்கின்றனர். மரணம் நிகழ்ந்த சில மாதங்களின் பின்னர் ஒரு மாலைப்பொழுதில் அவர்களே பீலியின் முனையில் குழாயொன்றைப் பொருத்தினர். அவ்வேலைக்கு ஒரு மணித்தியாலமும் தேவைப்படவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரும் அதற்கு அவ்வளவு நேரமே தேவைப்பட்டிருக்கும். முதலில் சென்று கதவைத் தட்டும் ஒருவர் மாத்திரமே அன்று இல்லாதிருந்தார்.