வேலிக்கு ஆடாதோடை

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் நம் சங்க அங்கத்தினர் சிலர் காட்டோரத்தில் ஆடாதோடை இலை பறித்து, அரைகுறையாக உலர்த்தி, மருந்துச் சரக்கு வியாபாரி ஒருவருக்கு அனுப்பினர். பாதி மூட்டைகள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தன. வண்டிச் சத்தமும் பறிகூலியும் நஷ்டமாயின. ஆகவே இச்செடியைப் பற்றிச் சிறிது எழுதலானோம்.

ஆடும் தொடாத கசப்புடையது என்பதால் இப்பெயர் வந்ததென்பர். 1753-இல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துத் தாவர நூலார் இதற்கு இட்ட பெயரிலும் இத்தமிழ்ச் சொல்லே நிற்கிறது. நீண்ட இலைகள் எதிரெதிராக அமையும். வெண்மலரின் கீழிதழில் செவ்வூதாக் கோடுகள் ஓடும்.

முற்றிய தண்டினை மூன்று நான்கு கணுக்கள் கொண்ட ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, இரு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு மழை தொடங்கியதும் வேலியோரத்தில் நடலாம். நீர் தேங்கும் நிலம் ஆகாது. கால்நடை மேயாதாகையால் காவல் வேண்டியதில்லை. ஓராண்டு சென்றபின் இலை கழிக்கலாம். அதனை நிழலில் மெல்லிதாகப் பரப்பி, நாள்தோறும் புரட்டி, கையில் நொறுங்கும் பதம் வந்த பின்னரே மூட்டை கட்டவேண்டும். பசுமை மாறாத இலைக்கே மதிப்பு. வேரும் மருந்துக்கு ஆகும். ஆயினும் வேரைத் தோண்டினால் செடியே போயிற்று. காட்டுச் செடியின் வேரில் கை வைப்பதை நாம் ஒப்போம்.

நெசவாளருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. முற்காலத்தில் இவ்விலையை வேகவைத்து முரட்டுத் துணிக்கு மஞ்சட் சாயம் ஏற்றினர். அவுரியுடன் சேர்த்துப் பசுமை நிறமும் பெற்றனர். விருப்பமுள்ளோர் ஒரு சிட்டம் நூலில் மட்டும் மாதிரி பார்த்து, துவைத்து, வெயிலில் இட்டுச் சோதிப்பாராக.

இனி மருந்து. இருமலுக்கும் கோழைக்கும் சித்த வைத்தியர் ஆடாதோடை மணப்பாகு கொடுப்பது யாவரும் அறிந்ததே. புரோம்ஹெக்சின் என்னும் ஆங்கில மருந்தும் இவ்விலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாகக் கொண்டு உருவானதே. அப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆதலால் கர்ப்பிணிகள் இதனை அருந்தலாகாது. தறியில் அமர்வோர் இருமலைப் பஞ்சுத் தூசின்மேல் சுமத்திக் கஷாயத்தோடு நாள் கடத்துகின்றனர். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசினர் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். காசநோய்ச் சிகிச்சை அங்கு இலவசம்.

நடுவதற்குத் தண்டு வேண்டுவோர் புரட்டாசி முடிவதற்குள் சங்கக் காரியாலயத்தில் பெயர் பதிந்துகொள்ளக் கோருகிறோம்.