பெருமாளின் உறவுக்காரர்கள்

ஸ்ரீரங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் "கோயில் எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கோயிலுக்குள் நின்றுகொண்டுதான் கேட்பார்கள். மதில்கள் ஏழு. உள்ளே நான்கு சுற்றில் சன்னதிகள், மண்டபங்கள். வெளியே மூன்று சுற்றில் ஊர்: உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான். வீடு, காய்கறிக் கடை, காப்பி கிளப் எல்லாம் மதிலுக்குள்தான். தைத் தேர் உத்தர வீதியில் ஓடும், சித்திரைத் தேர் சித்திரை வீதியில். தெற்கே நிற்கும் 236 அடி ராஜகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்று, 1987-இல்தான் முடிந்தது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ளக் கோபுரத்தைவிடப் பெருமாளின் உறவுமுறை அதிகம் உதவும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு இது. ஆனால் பெருமாளுக்கோ இரண்டு ஆற்றுக்கும் அப்பால் சொந்தம்.

தெற்கே காவிரியைத் தாண்டினால் உறையூர். சோழன் மகள் கமலவல்லி அங்கே நாச்சியார். பங்குனி ஆயில்யத்தன்று உற்சவரான நம்பெருமாள் அங்கே போய் அவளோடு சேர்த்தியில் இருந்துவிட்டு வருகிறார். தாயார் ரங்கநாயகியோ படிதாண்டாப் பத்தினி. அவளுக்குச் சேதி எட்டாமல் இருக்குமா? உத்திரத்தன்று அவர் வந்து நின்றால் கதவு சாத்தப்படும். பூவும் பழமும் வெண்ணெயும் பறக்கும். இதற்குப் பெயர் மட்டையடி. தாயார் பக்கம் ஒருவர், பெருமாள் பக்கம் ஒருவர் என்று வாக்குவாதம் நடக்கும். மோதிரம் எங்கே, இத்தனை நேரம் எங்கே போனீர் என்று கேள்வி வரும், அவரும் சமாளிப்பார். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைப்பார். தாயாரும் பெருமாளும் சேர்ந்து இருப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். ராமானுஜர் சரணாகதி நூலான கத்யத்ரயத்தைச் சொன்னதும் அந்தச் சேர்த்தியின் முன்தான் என்பது சம்பிரதாயம். எவ்வளவு பெரிய சரணாகதி, எப்பேர்ப்பட்ட குடும்பச் சண்டைக்கு நடுவில்!

வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தாள், தங்கை முறை. தைப்பூசத்துக்கு அவள் கொள்ளிடக்கரைக்கு வருவாள். அண்ணன் வீட்டிலிருந்து புடவையும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீராகப் போகும். வைணவக் கோயில் மாரியம்மனுக்குச் சீர் அனுப்புவதில் இங்கே யாருக்கும் வியப்பில்லை.

துலுக்க நாச்சியாரையும் சொல்லியாக வேண்டும். பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் என்பது கதை. அவளுக்காக ரொட்டி நைவேத்தியம் உண்டு. 1323-இல் டில்லிப் படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன நம்பெருமாள் திரும்பியது 1371-இல். அதன்பின் விஜயநகரத்து விருப்பண்ண உடையார் தொடங்கியதுதான் சித்திரைத் தேர். இன்றும் அதன் பெயர் விருப்பன் திருநாள். அதற்குச் சுற்றுக் கிராமத்தார் தானியத்தோடும் மாடுகளோடும் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் சித்திரை வீதியில் உள்ளூர்க்காரர்தான் சிறுபான்மை.