ஒரு சன்னம் சாட்சியாகாது

வன்னி நாட்டிலே துவக்கு என்னும் சொல்லை அறியாத சிறுவர் இல்லை. வயல் விளையும் காலத்தில் பன்றியையும் குரங்கையும் வெருட்டக் கமக்காரர் துவக்கு வைத்திருந்த வழக்கம் பழையது. வற்றாப்பளை மக்களுக்கோ அச்சொல் வேறொரு நினைவையும் தரும். கண்ணகி அம்மன் ஆலயத்தின் அருகே விரிந்து கிடக்கும் நந்திக்கடலின் ஓரத்திலேதான் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நெடும்போர் முடிவுற்றது. ஆகவே, இவ்வூரில் இருந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உவப்பாய் இராது. ஆயினும் நாம் இங்கு பேசப்போவது சுடுவதைப் பற்றியன்று, அளப்பதைப் பற்றி. மலிவான ஒரு றைபிள் குறி தவறாது சுடுமா என்பதை எவ்வாறு சோதிப்பது என்னும் வினாவிலே, மாணவர் அறியவேண்டிய நல்லதொரு பாடம் அடங்கியிருக்கிறது.

சின்னஞ்சிறு தோட்டா

கமக்காரரின் வேட்டைத் துவக்கு ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறும். றைபிளோ ஒரே ஒரு சன்னத்தைச் செலுத்தும். சிறிய றைபிள்களுள் ஒன்று, 0.22 அங்குலக் குழலுடையது. இதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்து விளிம்பின் உட்குழிவிலே தடவப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் அடிமுள் அவ்விளிம்பை நசுக்க, மருந்து வெடிக்கும். அமைப்பு எளிது, ஆகையால் விலையும் மலிவு. இன்று உலகெங்கும் வழங்கும் வகை 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. இதன் சன்னம் பெரும்பாலும் 40 கிறெயின், அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கிராம் நிறையே உடையது.

சிறியதென்று இதனை எளிதாய் எண்ணலாகாது. தடையின்றிப் பறந்தால் ஒன்றரை மைல் தூரமும் செல்லவல்லது இச்சன்னம். வன்னியைப் போன்ற சமதரையில் குறி தவறிய சன்னம் எங்கே போய் விழும் என்று யார் சொல்லமுடியும்? குறியின் பின்னே உயர்ந்த மண் அணை இருத்தல் வேண்டும் என்பது இதனாலேதான். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலே குற்றமாகும்.

சோதனை எவ்வாறு?

தேர்ந்தவர் இதனைச் சோதிக்கும் முறை வருமாறு: காற்று அடங்கிய காலை வேளையில், மேசை மீது மணல்மூட்டை வைத்து, அதன் மேல் றைபிளைக் கிடத்துவர். கை நடுக்கத்தைத் துப்பாக்கியின் குறையாக எண்ணிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தோட்டா ஒரே வகையினதாய் இருக்கவேண்டும். வகை மாறினால் முதற் சில வெடிகளைக் கணக்கில் எடார். பின்பு 50 மீற்றர் தூரத்தில் நாட்டிய தாளை நோக்கி, ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுவர். ஈற்றில், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவாய் உள்ள இரு துளைகளின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பர். அந்த அளவே அத்துளைக் கூட்டத்தின் அகலம் எனப்படும்.

இங்கே ஒரு கேள்வி. ஒரு றைபிளின் பத்துத் துளைகளும் நடுப்புள்ளிக்கு அப்பால், வலப்புறத்து மேல் மூலையில் நெருங்கிக் கிடக்கின்றன. மற்றொன்றின் துளைகள் நடுப்புள்ளியைச் சுற்றி நாற்புறமும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் நல்லது எது? முதலாவதே நல்லது. குறிபார்க்கும் கருவியைச் சிறிது திருகினால் அத்துளைகள் யாவும் நடுவுக்கு வந்துவிடும். சிதறுகின்ற றைபிளை எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது. ஒரே பக்கமாய் வரும் பிழை திருத்தத்தக்கது. ஒழுங்கின்றி வரும் பிழைக்கு மருந்து அரிது.

சிதறலுக்கு றைபிள் மட்டுமே காரணமன்று. சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். 50 மீற்றரைக் கடப்பதற்குள் அது புவியீர்ப்பினால் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் கீழிறங்கும். அடுத்த தோட்டா செக்கனுக்குப் பத்து மீற்றர் குறைந்த வேகத்தில் வெளிப்பட்டால், அது இன்னும் 7 மில்லிமீற்றர் தாழ்ந்து படும். சர்வதேசப் போட்டித் தாளிலே பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான்! மலிவான தோட்டாக்களின் வேகம் ஒன்றுபோல் இராதாகையால், பலமுறை தோட்டாவின் குற்றத்துக்குத் துப்பாக்கி பழி சுமக்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், இதே வகைத் தோட்டாவைச் சுடும் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். அத்தகைய வீரர் தம் றைபிளுக்கு இசைந்த தோட்டாவைப் பல வகைகளுள் தேடித் தெரிந்துகொள்வது வழக்கம்.

மூன்றா, பத்தா?

மூன்று முறை சுட்டுவிட்டு, "பாருங்கள், எவ்வளவு நெருக்கம்!" என்று பெருமை பேசுவோர் பலர். கணிதம் அதற்கு இசையாது. ஒரே றைபிளால் மும்மூன்றாகப் பலமுறை சுட்டால் கூட்டத்தின் சராசரி அகலம் 20 மில்லிமீற்றர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாகச் சுட்டால் அதே றைபிளின் சராசரி 31 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகும். றைபிள் கெட்டுப்போகவில்லை, உண்மை வெளிப்பட்டது, அவ்வளவே. சில வெடிகள் முகத்துதி செய்யும். பல வெடிகளே மெய் பேசும்.

இதனை அறியத் துப்பாக்கி வேண்டியதில்லை. சுவரிலே சோக்கினால் ஒரு புள்ளி இட்டு, பத்து அடி தள்ளி நின்று, ஈரமாக்கிய பந்தைப் பத்து முறை எறியுங்கள். ஈரம் உலருமுன் ஒவ்வோர் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றின் அகலத்தையும் பத்தின் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். உங்கள் எறி ஒரே பக்கம் சாய்கிறதா, எங்கும் சிதறுகிறதா என்றும் பாருங்கள். வற்றாப்பளைப் பிள்ளைகள் வெடியோசை எதுவுமின்றியே இப்பாடத்தைக் கற்கலாம்.

ஒரு பரீட்சையில் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையை மக்கு என்று தீர்த்துவிடும் பெற்றோரும் இச்சோதனையைச் செய்து பார்ப்பது நன்று. பிள்ளையின் பிழை ஒரே பக்கம் சாய்வதாயின், சிறிது திருகினாற் போதும். அதைக் கண்டறியப் பத்துத் தடவையாவது பொறுத்துப் பார்க்கவேண்டும்.